தசையா, அழற்சியா: ஆஸ்துமா மருந்துகள் வந்த வழி

ஆஸ்துமாவில் மூச்சு முட்டுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. குழாயின் உட்சுவர் அழற்சியால் வீங்கி, கெட்டியான சளி வழியை அடைக்கிறது. 1892இல் வெளிவந்த வில்லியம் ஆஸ்லரின் மருத்துவப் பாடநூலிலேயே இரண்டும் பேசப்படுகின்றன. ஆயினும் அதன் பிறகு பல பத்தாண்டுகள் சிகிச்சை தசையின் பின்னாலேயே சென்றது. இதற்கு அறியாமை காரணமன்று. சில நிமிடங்களில் மூச்சைத் திறந்துவிட்ட மருந்துகளே, நோய் தசையில்தான் இருக்கிறது என்று மருத்துவரையும் நோயாளியையும் நம்பவைத்தன என்பது என் வாதம்.

அம்மருந்துகளின் வரிசையில் ஊமத்தைக்கு ஓர் இடம் உண்டு. மதராசில் மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் ஊமத்தைப் புகையைப் பரிந்துரைத்தார்; 1802இல் ஜெனரல் ஜென்ட் அதைப் பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். அதிலுள்ள அட்ரோபின், தசையை இறுக்கும் நரம்பின் கட்டளையைத் தடுக்கிறது. 1903இல் அட்ரினலின் ஊசி, 1924க்குப் பின் எஃபெட்ரின், 1956இல் ஐசோபிரினலின் அடைத்த கைக்கடக்கமான இன்ஹேலர் என ஒவ்வொன்றும் முந்தையதைவிட வேகமாகவோ வசதியாகவோ தசையைத் தளர்த்தியது. எதுவும் வீக்கத்தை ஆற்றவில்லை.

1960களில் இங்கிலாந்திலும் வேல்சிலும் ஆஸ்துமா மரணங்கள் பெருகின. பத்து முதல் பதினான்கு வயதுக் குழந்தைகளிடையே அவை பல மடங்காயின. ஐசோபிரினலின் இதயத்தைத் தாக்கியதே காரணம், சிகிச்சைக் கோட்பாட்டில் பிழையில்லை என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பில் பாதி நியாயம் உண்டு: ஐந்து மடங்கு வீரியமுள்ள இன்ஹேலர் விற்ற நாடுகளில்தான் மரணங்கள் கூடின. ஆனால் 1990இல் வெளியான நியூசிலாந்து ஆய்வில், தசையைத் தளர்த்தும் ஃபெனோடெராலைத் தினமும் தவறாமல் இழுத்தவர்களுக்கு, தேவைப்பட்டபோது மட்டும் இழுத்தவர்களைவிட நோய் மோசமாகவே கட்டுப்பட்டது. இங்கே பேச்சு இதயத்தைப் பற்றியதன்று, நுரையீரலைப் பற்றியது. அடுத்த ஆண்டு வெளியான பின்லாந்து ஆய்வில், புதிதாக நோய் கண்ட 103 பேரை ஹாட்டெலா குழுவினர் இரண்டாண்டுகள் கவனித்திருந்தனர். தசையைத் தளர்த்தும் டெர்புடலினைவிட, அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டான புடசோனைடு தெளிவாக முந்தியது.

ஸ்டீராய்டின் பக்கவிளைவுகளுக்கு அஞ்சித்தான் மருத்துவர்கள் தயங்கினார்கள் என்பது இன்னொரு மறுப்பு. முகம் ஊத, எலும்பு தேயச் செய்த மாத்திரைக் காலத்துக்கு அது முற்றிலும் பொருந்தும். ஆனால் நுரையீரலுக்குள் சிறிதளவே செலுத்தும் பெக்லோமெதசோன் இன்ஹேலர் 1972லேயே வந்துவிட்டது. இலேசான ஆஸ்துமாவுக்கும் அதுவே முதல் மருந்து என்ற நிலை வர ஏறத்தாழ இருபதாண்டுகள் பிடித்தன. இழுத்த உடனே எதுவும் தெரியாத மருந்தைத் தினமும் இழுக்கச் சொல்வது எளிதன்று. அழற்சியும் எல்லாருக்கும் ஒன்றன்று: மெப்போலிசுமாப் என்ற மருந்து பொதுவான நோயாளிகளிடம் தோற்றது, ஈசினோஃபில் என்னும் வெள்ளை அணுக்கள் மிகுந்தவர்களிடம் வென்றது.

2018இல் வெளியான ஓர் ஆய்வு நோயாளியின் பழக்கத்தோடு மல்லுக்கட்டவில்லை. மூச்சு இறுகும்போது எடுக்கும் இன்ஹேலரிலேயே, தசையைத் தளர்த்தும் ஃபார்மோடெராலுடன் புடசோனைடைச் சேர்த்துக் கொடுத்தது. டெர்புடலின் மட்டும் எடுத்தவர்களைவிடக் கடும் தாக்குதல்கள் 64 விழுக்காடு குறைந்தன. மறு ஆண்டே உலக ஆஸ்துமா அமைப்பான ஜினாவின் வழிகாட்டி, தசையை விரைவில் தளர்த்தும் சால்புடமால் வகை மருந்தை மட்டும் கொடுப்பதைப் பரிந்துரையிலிருந்து நீக்கியது. அதே ஆய்வில், தினமும் ஸ்டீராய்டு இழுத்தவர்களுக்கு அன்றாடத் தொல்லை இன்னும் குறைவாகவே இருந்தது. கடும் தாக்குதல்களில் இரு தரப்பும் ஏறக்குறைய சமம்.