கெண்டை புரளும் இரவுகள்: ஊவாத் தோட்டங்களில் தசைப்பிடிப்பும் தாதுஉப்பு மருந்துகளும்

1. சொல்லும் பொருளும்

பதுளைப் பக்கத்துத் தோட்டங்களில் இந்த நோவுக்குப் பல பெயர்கள் உண்டு. "கெண்டை புரண்டிருச்சு" என்பார்கள். "நரம்பு சுண்டி இழுக்குது" என்பார்கள். அகராதி இதைக் குரக்குவலி என்கிறது. வைத்தியர்கள் தசைப்பிடிப்பு என்று எழுதுகிறார்கள்.

நான் இதை முதலில் அறிந்தது லயத்து அறையில். நடுச்சாமத்தில் அம்மா பல்லைக் கடித்தபடி எழுந்து உட்காருவார். சுவரில் பாதத்தை ஊன்றி, இரண்டு கைகளாலும் கெண்டைக்காலை இறுக்கிப் பிடிப்பார். தேய்த்துவிடக் கை வைத்தால், தோலுக்கு அடியில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கல்லாய் ஒரு முடிச்சு நிற்கும். இரண்டு நிமிடத்தில் அது கரைந்துவிடும். நோவு மட்டும் மறுநாள் மத்தியானம் வரைக்கும் இருக்கும். விடிந்தால் பெரட்டு, வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு. அந்தக் காலோடுதான் மலை ஏறியாக வேண்டும்.

இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்வது இந்தப் பிடிப்பை மட்டுமே. படுத்ததும் காலை ஆட்டாமல் இருக்க முடியாத தவிப்பு வேறு. சர்க்கரை வியாதிக்காரர் உள்ளங்காலில் உணரும் எரிச்சல் வேறு. மூன்றையும் "கால் குடைச்சல்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதால், ஒன்றின் மருந்தை இன்னொன்றுக்குச் சாப்பிடுகிறோம்.

2. மலையும் கெண்டைக்காலும்

பசறை, நமுனுகலை, மடூல்சீமை, தெமோதரை, ஹப்புத்தளை என எந்தப் பக்கம் போனாலும் கொழுந்து மலை சரிவாகவே இருக்கிறது. ஏறும்போது கெண்டைக்கால் உடம்பையும் கூடையையும் சேர்த்து மேலே தள்ளுகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. இப்படி நீண்டபடி பாரம் தாங்குவதுதான் தசையை அதிகம் புண்படுத்தி நோகவைக்கும் வேலை. பேர் விழுவதற்கு, அதாவது ஒரு நாள் முழுச் சம்பளத்துக்கு, எடுக்க வேண்டிய நிறை தோட்டத்துக்குத் தோட்டம் மாறினாலும், 18 கிலோ என்ற எண்ணே அதிகம் காதில் விழுகிறது. அதை எட்டாவிட்டால் அரைப் பேர்.

ஊவாவுக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. ஜூலை முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாக இந்தப் பக்கம் இறங்குகிறது. ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கித் தரும் வாசம் அந்த மாதங்களில்தான் இலையில் ஏறுகிறது. அதே காற்று கொழுந்து பறிப்பவர் உடம்பிலிருந்தும் நீரை உறிஞ்சுகிறது. சட்டை நனையுமுன் வேர்வை காய்ந்துவிடுவதால் இழப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. குளிர் மலைதானே என்று தாகத்தை யாரும் பொருட்படுத்துவதும் இல்லை.

இவற்றைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. அது மருத்துவப் புத்தகத்தில் இல்லை. மலையில் கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை. காலையில் ஒரு கோப்பை சாயத் தண்ணி, பத்து மணித் தேத்தண்ணி, அவ்வளவுதான். மாதவிடாய் நாட்களில் அதுவும் குறையும். தசைப்பிடிப்பைத் தனிமனிதரின் சத்துக் குறைவு என்று மட்டும் பேசுகிற எந்த ஆய்வும் இந்த உண்மையைத் தாண்டிப் போய்விடுகிறது.

3. தசைக்குள் நடப்பது

நம்மவர்கள் "நரம்பு இழுக்குது" என்று சொல்வதைப் படித்தவர்கள் திருத்துவது வழக்கம்: இழுபடுவது தசை, நரம்பு அல்ல என்று. இன்றைய அறிவியல் தோட்டத்துச் சொல்லின் பக்கமே சாய்கிறது. பிடித்துக்கொள்வது தசைதான்; ஆனால் அதற்குக் கட்டளை இடுவது தண்டுவடத்திலிருந்து வரும் இயக்க நரம்பு. களைத்த தசையில் "சுருங்கு" என்று தூண்டும் செய்திகள் கூடுகின்றன. தசைநாணிலிருந்து வரும் "போதும்" என்ற தடுப்புச் செய்தி குறைகிறது. அந்த நேரத்தில் தசை ஏற்கெனவே குறுகிய நிலையில் இருந்தால் நரம்பு கட்டுமீறிக் கட்டளைகளை அனுப்பத் தொடங்குகிறது. குளிருக்கு இறுக்கிப் போர்த்திய கம்பளி பாதத்தைக் கீழ்நோக்கி அழுத்துவதே அந்தக் குறுகிய நிலை. பகலின் களைப்பு இரவில் பிடிப்பாக வருவது இதனால்தான்.

4. உப்புகள்

4.1 சோடியம்

உப்புக்கும் பிடிப்புக்கும் உள்ள தொடர்பை 1923இல் இங்கிலாந்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடம் மொஸ் என்ற ஆய்வாளர் காட்டினார். வெக்கையில் வேர்த்துக் கொட்டி, வெறும் தண்ணீரை மட்டும் நிறையக் குடித்தவர்களுக்குப் பிடிப்பு வந்தது; சிறிதளவு உப்புக் கலந்த தண்ணீர் அதைத் தணித்தது. இது கடும் வேர்வைக்குப் பொருந்தும் பாடம். வயிற்றோட்டத்துக்குப் பின் வரும் பிடிப்புக்கும் பொருந்தும். அப்போது பார்மசியில் கிடைக்கும் ஜீவனி என்ற நீரேற்ற உப்புப் பொட்டலமே சரியான மருந்து. கருவாடும் சம்பலும் தினமும் சேர்க்கிற, பிரஷர் குளிசை குடிக்கிற ஐம்பது வயதுக்காரர் இதைப் படித்துவிட்டு உப்பைக் கூட்டக்கூடாது.

ஊறுகாய்த் தண்ணீர் பற்றி ஒரு சொல். 2010இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், மின்தூண்டலால் உண்டாக்கிய பிடிப்பு ஊறுகாய்ச் சாறு குடித்தவர்களுக்குச் சுமார் 85 விநாடியில் அடங்கியது. தண்ணீர் குடித்தவர்களுக்கு 134 விநாடி ஆனது. குடித்த உப்பு அதற்குள் இரத்தத்தில் கலந்திருக்க முடியாது. ஆகவே அந்தப் புளித்த சாறு தொண்டையைத் தீண்டியதும் நரம்பு அடங்குகிறது என்று அந்த ஆய்வாளர்கள் கருதினார்கள்.

4.2 மக்னீசியம்

கால் பிடிப்புக்கென்று இன்று பரவலாக விற்பது மக்னீசியம் குளிசை. நம் வீடுகளிலும் அது புதிதல்ல: பேதிக்குக் குடித்த பேதியுப்பு மக்னீசியம் சல்பேட்டுத்தான். ஆனால் கொக்ரேன் நிறுவனம் 2012இலும் 2020இலும் ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தபோது, காரணம் தெரியாத பிடிப்புள்ள முதியவர்களுக்கு மக்னீசியம் குறிப்பிடத்தக்க பலன் தருவதாகத் தெரியவில்லை. கர்ப்பிணிகளைப் பற்றிய முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. பேதியும், சிறுநீரகம் கெட்டவர்களின் இரத்தத்தில் மக்னீசியம் தேங்கும் ஆபத்தும் இருக்கின்றன.

இதனால் மக்னீசியம் தேவையற்றது என்று ஆகிவிடாது. வழி மட்டுமே வேறு. தோட்டத்துச் சாப்பாடு கோதுமை மா ரொட்டியில் நிற்கிறது. தவிடு நீக்கிய 100 கிராம் மாவில் சுமார் 22 மில்லிகிராம் மக்னீசியம்தான் இருக்கிறது. தவிட்டோடு அரைத்த மாவில் அது ஐந்தாறு மடங்கு. மொனராகலைப் பக்கம் விளையும் கச்சானில் 100 கிராமுக்கு 160 மில்லிகிராமுக்கு மேல். குரக்கனில் கல்சியமும் சேர்ந்து வருகிறது. ரொட்டி மாவில் பாதிக்குக் குரக்கன் மா கலப்பது குளிசையைவிட நல்ல செலவு என்பது என் முடிவு.

4.3 கல்சியமும் இரும்பும்

கர்ப்ப காலத்தின் பின்பாதியில் பிடிப்பு மிகவும் சாதாரணம். கிளினிக்கில் தரும் கல்சியம் குளிசை பிடிப்புக்கானது அல்ல. அதைக் குடித்தும் பிடிப்பு நிற்கவில்லை என்று நிறுத்திவிடுகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். நிறுத்தக்கூடாது. தாய்க்கும் பிள்ளைக்கும் அதற்கு வேறு வேலை இருக்கிறது. இரும்புக் குளிசையையும் கல்சியத்தையும் ஒரே வேளையில் குடிக்க வேண்டாம். இரும்பைத் தேத்தண்ணியோடு குடிக்கவே வேண்டாம், தேயிலை இரும்பை உடம்பில் சேரவிடாது. இரும்புக் குறைவு உண்டாக்குவது மேலே சொன்ன கால் தவிப்பு. அதற்கு இரும்பே மருந்து. பிடிப்புக்கு அல்ல.

5. மலையில் வளர்ந்த மருந்து

பிடிப்புக்கு மெய்யாகவே ஓரளவு வேலை செய்த மருந்து ஒன்று இந்த மலைகளில் மரமாக நின்றது. 1869இல் கோப்பி இலைத்துரு நோய் இலங்கையில் முதன்முதலில் காணப்பட்ட இடம் மடூல்சீமை. கோப்பி அழிந்ததும் துரைமார் சிங்கோனா நட்டார்கள். அதற்கான சோதனைத் தோட்டமாகவே 1861இல், நுவரெலியாவிலிருந்து வெலிமடைக்கு இறங்கும் பாதையில் ஹக்கலைத் தோட்டம் தொடங்கியிருந்தது. 1880களில் பட்டை குவிந்தது, விலை விழுந்தது, ஜாவா முந்திக்கொண்டது, தேயிலை வந்தது.

அந்தப் பட்டையின் சத்தான குயினைன் பிடிப்பின் எண்ணிக்கையை இரண்டு வாரத்தில் சுமார் 28 வீதம் குறைப்பதாகக் கொக்ரேன் தொகுப்பு சொல்கிறது. ஆனால் அது சிலருக்கு இரத்தத் தட்டணுக்களை அழிக்கிறது, இதயத் துடிப்பைக் குலைக்கிறது. உயிரைக் கொண்டுபோன சம்பவங்கள் உண்டு. 2006இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதை மலேரியாவுக்கு மட்டும் என ஒதுக்கியது. கால் பிடிப்பு ஆளைக் கொல்வதில்லை. ஆளைக் கொல்லக்கூடிய மருந்தை அதற்குக் கேட்கவே கூடாது.

6. பிடிக்கும்போதும் படுக்குமுன்னும்

அம்மா சுவரில் பாதத்தை ஊன்றியதே முதல் மருந்து. முழங்காலை நீட்டி, கால்விரல்களைத் தன் முகத்தை நோக்கி இழுக்க வேண்டும். அப்போது தசைநாண் நீண்டு, அந்தத் "போதும்" என்ற செய்தியை அனுப்புகிறது. முடிச்சு விட்ட பிறகு வெந்நீர் ஒத்தடமும் எண்ணெய்த் தேய்ப்பும் ஆறுதல் தரும்.

நெதர்லாந்தில் 55 வயதுக்கு மேற்பட்ட 80 பேரிடம் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு வாரம் தினமும் படுக்குமுன் கெண்டைக்காலையும் பின்தொடையையும் நீட்டியவர்களுக்குப் பிடிப்பு தெளிவாகக் குறைந்தது. லயத்து அறையில் செய்ய இடம் போதும். சுவரில் இரு கைகளையும் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல் முன்னால் சாய வேண்டும். பத்து விநாடி; ஒவ்வொரு காலுக்கும் மூன்று முறை. காசு இல்லை, பேதி இல்லை.

7. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவை

ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் அது இரத்தக் கட்டியாக இருக்கலாம். காய்ச்சலோடு கெண்டைக்கால் தொட முடியாமல் நோக, கண்ணும் சிவந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். வயல் வேலைக்குப் போய்வந்தவர் ஒரு நாளும் தாமதிக்கக்கூடாது. நடந்தால் பிடித்து நின்றால் விடுகிற நோவு இரத்தக் குழாய் அடைப்பின் அடையாளம். கிராந்துருகோட்டை, மகியங்கனைப் பக்கம், காரணம் முழுதாய்த் தெரியாத சிறுநீரக நோய் பரவியுள்ள ஊர்களில், அடிக்கடி வரும் பிடிப்புக்கு முதலில் செய்ய வேண்டியது இரத்தச் சோதனை. பிரஷருக்குத் தரும் நீரிறக்கும் குளிசை, கொலஸ்டரோல் குளிசை, மூச்சுத் திணறலுக்கான சல்பியூட்டமோல் ஆகியவையும் பிடிப்பை உண்டாக்கலாம். அவற்றைத் தாமாக நிறுத்தாமல், டிஸ்பென்சரியிலோ பதுளை ஆஸ்பத்திரியிலோ சொல்லி மாற்றிக் கேட்க வேண்டும்.

தொழிற்சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த சம்பளப் பேச்சுக்குப் போகும்போது, நிறைக்கும் பேருக்கும் கீழே இன்னொரு வரியையும் எழுதிக்கொண்டு போங்கள்: கொழுந்து எடுக்கும் ஒவ்வொரு மலைக்கும் பெண்களுக்கு ஒரு கழிப்பறை, குடிக்க ஒரு பீப்பாய் கொதித்தாறிய தண்ணீர்.