ஆபரேஷனுக்கு முந்தைய இரவு

பாஸ்டனிலுள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை. மறுநாள் வயிற்றில் ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறவரிடம் மயக்க மருந்து மருத்துவர் வந்து பேசுகிறார். எங்கே வலிக்கும், எவ்வளவு வலிக்கும், எத்தனை நாள் நீடிக்கும் என்று எதையும் மறைக்காமல் சொல்கிறார். தையலுக்கு அடியிலிருக்கும் தசை இறுகுவதால்தான் வலி கூடுகிறது, அதைத் தளரவிடுங்கள் என்கிறார். கட்டிலுக்கு மேலே தொங்கும் பிடியைப் பற்றிக்கொள்வது, வயிற்றை வருத்தாமல் கை கால்களை ஊன்றிப் புரள்வது, மூச்சை ஆழமாக இழுப்பது எல்லாவற்றையும் கற்றுத்தருகிறார். பொறுக்க முடியாவிட்டால் மருந்து கேளுங்கள், தயங்க வேண்டாம்.

இது லாரன்ஸ் எக்பர்ட்டும் சகாக்களும் செய்த ஓர் ஆய்வின் காட்சி; அந்த ஆய்வு 1964இல் வெளிவந்தது. நோயாளிக்கு முன்கூட்டியே இப்படிப் பாடம் சொல்லும் இடத்துக்கு மருத்துவம் வந்துசேர்ந்த வழி நீண்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வயிற்றைத் திறந்து தைத்தவருக்கு ஒரே கட்டளைதான்: அசையாதே. தையல் விட்டுவிடுமோ என்ற பயம். அது வீண் பயமும் அல்ல. ஆனால் வாரக்கணக்கில் மல்லாந்து கிடந்ததே வேறொரு வினையைக் கொண்டுவந்தது. கால்களில் ரத்தம் தேங்கி உறைந்தது. உறைந்த கட்டி பெயர்ந்துபோய் நுரையீரல் குழாயை அடைத்தது. காயம் ஆறிக்கொண்டிருந்தவர் திடீரென்று இறந்துபோனார்.

ஓரிரு நாளிலேயே நோயாளிகளை எழுப்பிவிடலாம் என்று சிகாகோ மருத்துவர் எமில் ரீஸ் 1899இலேயே எழுதினார். பெரும்பாலோர் காதில் வாங்கவில்லை. டெட்ராய்ட்டில் டேனியல் லைட்ஹவுசர் என்ற அறுவை மருத்துவருக்குக் கண் திறந்தது 1938இல். குடல்வால் எடுக்கப்பட்ட ஒருவர், சொல்பேச்சு கேளாமல் உடனே எழுந்து நடந்தார், சீக்கிரமே தேறினார். அடுத்து வந்த உலகப் போரில் கட்டில்களுக்கும் செவிலியருக்கும் தட்டுப்பாடு. படுக்கையைக் காலிசெய்ய வேண்டிய நெருக்கடியில் பலரும் இந்த வழிக்கு வந்தார்கள். 1947இல் லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் ஆஷர், படுத்துக் கிடப்பதன் ஆபத்துகளைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார்.

நடக்கவைப்பது நல்லதென்று தெரிந்துவிட்டது. ஆனால் மயக்கம் தெளிந்து வலியில் முனகுகிறவரிடம் போய் எழுந்திருங்கள் என்றால் மிரண்டுதான் போவார். பாடம் சொல்லும் வேளையா அது? எக்பர்ட் குழு முந்தைய இரவைத் தேர்ந்தெடுத்ததன் அருமை இங்கேதான் புரிகிறது. மொத்தம் 97 நோயாளிகள். அவர்களில் 46 பேருக்கு மட்டும் இந்தப் பாடம், ஆபரேஷனுக்குப் பிறகும் அதே நினைவூட்டல். மற்றவர்களிடம் வலியைப் பற்றிப் பேசவில்லை. யார் எந்தப் பிரிவு என்று அறுவை மருத்துவர்களுக்கும் தெரியாது.

பாடம் கேட்டவர்களுக்கு வலி மருந்து ஏறக்குறைய பாதியே போதுமானதாக இருந்தது. சராசரியாக 2.7 நாள் முன்னதாகவே அவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். புது மருந்து எதுவும் தரப்படவில்லை. கூடுதலாகத் தரப்பட்டது பேச்சும் பயிற்சியும்தான்.

1971இல் செவிலியத் துறை ஆய்வாளர்களான கரோல் லிண்டமனும் பெட்டி வான் ஏர்னமும் இந்த வேலையைச் செவிலியர் கைக்குக் கொண்டுவந்தார்கள்: இருமுவது, ஆழ மூச்சிழுப்பது, படுக்கையிலேயே செய்யும் பயிற்சிகள் எல்லாம் ஆபரேஷனுக்கு முன்பே, முறையாக. 1999இல் டென்மார்க்கின் அறுவை மருத்துவர் ஹென்ரிக் கேலட், பெருங்குடலின் ஒரு பகுதி வெட்டியெடுக்கப்பட்ட 16 பேரைப் பற்றி எழுதினார். முதுகுத்தண்டு வழியாக வலி மருந்து, சீக்கிரமே சாப்பாடு, சீக்கிரமே நடை. அவர்களில் பெரும்பாலோர் இரண்டே நாளில் வீடு திரும்பினார்கள்.