செல்போன் மலைக்குப் போன காலம்



போடிநாயக்கனூரில் விடியுமுன் எழுந்து தெருவுக்கு வந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது. ஊர் கண் விழிக்கும் முன்பே சோற்றுத் தூக்குவாளியோடு பெண்கள் ஜீப்புக்காகக் காத்து நிற்பார்கள். அளவுக்கு மேல் ஆட்களை அடைத்துக்கொண்டு வண்டிகள் போடிமெட்டு ஏறும். கம்பம் பக்கத்துப் பெண்களுக்குக் கம்பம்மெட்டு, குமுளி வழி. மேலே இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் களையெடுப்பு, காய் எடுப்பு. ஏலக்காய்ச் சரம் செடியின் அடியில் தரையை ஒட்டிக் கிடக்கும். அதனால் நாள் முழுக்கக் குனிந்தும் குந்தியும்தான் வேலை. வீடு திரும்ப இருட்டிவிடும்.

கொரோனா காலத்தில் அந்த ஜீப்பில் இன்னொன்றும் ஏறிப் போனது. வீட்டில் இருந்த ஒரே செல்போன். கீழே, காலனி வீட்டில், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கான பாடம் வாட்ஸ்அப்பில் வந்து அந்தப் போனில் விழுந்தது. பிள்ளை இங்கே, பாடம் மலையில். சாயங்காலம் அம்மா திரும்பும்போது போனில் சார்ஜ் இருக்காது. இருந்தால் டேட்டா தீர்ந்திருக்கும். இரண்டும் இருந்தால் பிள்ளை தூங்கியிருக்கும்.

இதை நாம் ஏற்கெனவே மறக்கத் தொடங்கிவிட்டோம். மறப்பதற்கு முன் தேதிகளை எழுதி வைப்போம். 2020 மார்ச் நடுவில் தமிழ்நாட்டில் பள்ளிகள் மூடப்பட்டன. மார்ச் 25 முதல் நாடு முழுக்க ஊரடங்கு. 9 முதல் 12ஆம் வகுப்புகள் 2021 செப்டம்பர் 1 அன்று மறுபடி திறந்தன. 1 முதல் 8ஆம் வகுப்புப் பிள்ளைகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் பள்ளிக்குள் கால் வைத்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய 19 மாதம். 2020இல் ஒன்றாம் வகுப்பில் பெயர் பதிந்த குழந்தை, வகுப்பறையை முதன்முதலாகப் பார்த்தபோது இரண்டாம் வகுப்பில் இருந்தது. 2022 ஜனவரியில் ஒமிக்ரான் வந்து மறுபடி ஒரு மாதம் பூட்டு.

போடிக்கு இதில் கூடுதலாக ஒரு கதை உண்டு. தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் 1956 நவம்பர் 1 மாநிலச் சீரமைப்பில் கேரளத்தோடு போயின. அதன் பிறகும் நம் மக்களுக்கு வீடு ஒரு மாநிலம், கூலி இன்னொரு மாநிலம். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஜீப் அந்தக் கோட்டைத் தினமும் கடந்துகொண்டிருந்ததால் கோடு கண்ணுக்குத் தெரியவில்லை. 2020இல் அது சுவராக எழுந்தது. எல்லை மூடியது, போக வேண்டுமென்றால் பாஸ். ஏலக்காய் ஏலமும் நின்றதால் கீழே போடியில் காய் தரம் பிரிக்கும் பெண்களுக்கும் வேலை இல்லை. முதல் சில மாதங்கள் பெற்றோர் வீட்டில் இருந்தார்கள், கூலி இல்லை. பிறகு கூலி வந்தது, பெற்றோர் வீட்டில் இல்லை. தினமும் எல்லை தாண்டுவது சிரமமானதால் சிலர் தோட்டத்து லயத்திலேயே தங்கிவிட்டார்கள். பிள்ளைகள் பாட்டியிடம். பாட்டி இல்லாத வீட்டில் ஏழாவது, எட்டாவது படிக்கும் அக்காவே அம்மா ஆனாள். தம்பிக்குச் சோறு வடித்தவளின் படிப்பு என்ன ஆனது என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

கல்வித் தொலைக்காட்சி இருந்ததே என்பார்கள். இருந்தது. 2019 ஆகஸ்டில் தொடங்கிய அலைவரிசை, தொற்றுக் காலத்தில் லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு ஒரே வாத்தியார் ஆனது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஆறு வயதுப் பிள்ளை டிவியைப் பார்த்து ‘அ’ எழுதப் பழகாது. பக்கத்தில் உட்கார்ந்து கைபிடித்து எழுத வைக்க ஒருவர் வேண்டும். தானே பள்ளிக்குப் போகாத தாயிடம், ‘நீங்களே சொல்லிக் கொடுங்கள்’ என்று சொன்னது அந்தக் காலம். பாடம் சொல்லித்தர முடியாத வெட்கத்தை அந்தப் பெண்கள் தங்கள் குற்றமாக எடுத்துக்கொண்டார்கள். கொட்டகுடி, குரங்கணிப் பக்கத்து மலைச்சரிவுகளில் சிக்னலைத் தேடிப் பாறையேற வேண்டும். அங்கே ‘ஆன்லைன்’ என்பது வெறும் சொல்.

பள்ளியோடு சத்துணவும் மூடியது. அரிசியும் பருப்பும் முட்டையும் பின்னால் கொடுத்தார்கள். ஆனால் மதியம் சூடாக, பிள்ளையின் தட்டில் மட்டும் விழும் சோறு வேறு. வீட்டுக்கு வரும் அரிசி மொத்தக் குடும்பத்தின் பசிக்கும் பங்காகும்.

இந்த நிலைமை யாருக்கும் தெரியாத ரகசியமாகவும் இருக்கவில்லை. 2017-18இல் எடுத்த தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்று, கிராமப்புற வீடுகளில் சுமார் 15 விழுக்காட்டில்தான் இணைய வசதி இருக்கிறது என்று சொல்லியிருந்தது. தெரிந்தே இணையவழி என்று முடிவெடுத்தார்கள். 2021 ஆகஸ்டில் ஜான் திரேஸ், ரீத்திகா கெரா உள்ளிட்டோர் தமிழ்நாடு உட்பட 15 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் எளிய குடும்பங்களின் சுமார் 1,400 பிள்ளைகளிடம் ஆய்வு செய்தார்கள். கிராமப்புறத்தில் ஒழுங்காக ஆன்லைனில் படித்தவர்கள் 8 விழுக்காடு. படிப்பே இல்லாமல் இருந்தவர்கள் 37 விழுக்காடு. கிராமப்புறத் தலித், பழங்குடிப் பிள்ளைகளில் ஒழுங்காக ஆன்லைனில் படித்தவர்கள் 4 விழுக்காடுதான். மற்றப் பிள்ளைகளில் 15. வைரஸ் சாதி பார்க்கவில்லை என்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

இப்போது கொஞ்சம் பின்னால் போவோம். 1953இல் ராஜாஜி அரசு கிராமத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தது. தினம் மூன்று மணி நேரம் மட்டும் வகுப்பு, மிச்ச நேரம் அப்பன் தொழில். குலக்கல்வி என்று பெயர் வைத்துப் பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் எதிர்த்தார்கள். சேரிப் பிள்ளைக்கு அப்பன் தொழில் என்றால் என்ன? பண்ணை வேலை, பறை, செருப்பு, மலம் அள்ளுதல். 1954 ஏப்ரலில் காமராசர் முதல்வரானார், மே மாதத்தில் திட்டம் கைவிடப்பட்டது.

2020இல் அப்படி யாரும் அரசாணை போடவில்லை. போடாமலே அது நடந்தது. பள்ளி மூடியதும் பெரிய பையன் அப்பாவோடு வேலைக்குப் போனான், பெண் அம்மாவோடு போனாள். குலக்கல்வியில் மூன்று மணி நேர வகுப்பாவது இருந்தது. இதில் அதுவும் இல்லை. அன்று எதிர்த்துத் தெருவில் நின்ற தமிழ்நாடு, இந்த முறை அமைதியாக இருந்தது. தொற்று பயம் ஒரு காரணம். எதிர்த்து எழுத வேண்டியவர்களின் பிள்ளைகள் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள் என்பது இன்னொரு காரணம்.

நமக்குப் பள்ளி சும்மா கிடைத்ததில்லை. சென்னை அடையாறில் 1894இல் ஆல்காட் தொடங்கிய பஞ்சமர் இலவசப் பள்ளி, 1920களில் தொழிலாளர் துறை சேரிகளில் திறந்த பள்ளிகள், அவற்றின் வழிவந்த இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் என்று ஒவ்வொரு கட்டடத்துக்கும் பின்னால் ஒரு தலைமுறையின் மனுவும் போராட்டமும் உண்டு. பள்ளிக்குள்ளும் சாதி இருக்கிறது. கோணிப்பையில் உட்கார்ந்து படித்த அம்பேத்கரின் வாழ்க்கை அதற்குச் சாட்சி. ஆனாலும் காலனியை விட்டு வெளியே நம் பிள்ளை உரிமையோடு போய் உட்கார ஓர் இடம் என்றால் அது பள்ளிதான். அந்த இடம் 19 மாதம் இல்லாமல் போனது.

பிறகு வந்தவற்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியது. சாயங்கால நேரத்தில் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், தெருவிலேயே பாடம் எடுத்தார்கள். படித்த நம் பெண்கள் காலனித் திண்ணையில் வாத்தியார் ஆனது சின்ன விஷயமில்லை. 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ வந்தது, முதல் மூன்று வகுப்புகளுக்கு. இரண்டாவதையும் மூன்றாவதையும் வீட்டில் இழந்த பிள்ளை அதற்குள் நான்காம் வகுப்புக்குப் போயிருந்தது. திட்டம் தொடங்கும்போது அது கணக்கில் இல்லை.

2020இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை 2025 ஜூனில் ஆறாம் வகுப்புக்குப் போனது. அதற்கு மேலே உள்ள பிள்ளைகள் பத்தாம் வகுப்புத் தேர்வை நெருங்குகிறார்கள். அவர்களில் ஒருவர் தடுக்கி விழும்போது ‘படிப்பு ஏறாத பிள்ளை’ என்று சொல்லப் போகிறார்கள். நம் பிள்ளைகளைப் பற்றி நெடுங்காலமாகச் சொல்லி வரும் அதே பேச்சு. அந்த நேரத்தில் நம் கையில் இந்தத் தேதிகள் இருக்க வேண்டும்.

ஆகவே மாணவத் தோழர்களுக்கு இரண்டு வேலை. உங்கள் தெருவில் ஆறாவது முதல் பத்தாவது வரை படிக்கும் பிள்ளைகளிடம் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். திணறுகிற பிள்ளையோடு தினம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். அடுத்து, ஞாயிற்றுக்கிழமை ஜீப் ஓடாத பொழுதில் உங்கள் அம்மாவிடமும் சித்தியிடமும் அந்த 19 மாதத்தைப் பற்றிக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். போன் யாரிடம் இருந்தது, என்ன சாப்பிட்டீர்கள், அக்கா ஏன் பள்ளிக்குத் திரும்பவில்லை என்று கேளுங்கள். அவர்கள் முதலில் ‘எங்களால சொல்லிக் குடுக்க முடியலையே’ என்றுதான் தொடங்குவார்கள். அது உங்கள் குற்றமில்லை அம்மா என்று சொல்லிவிட்டு மேலே கேளுங்கள்.