கியர் தவறி இன்ஜின் அலறினால்: மாற்றியமைத்த காரில் பாதிப்பைக் கண்டறிவது எப்படி?

பழைய புரோட்டோன் வீரா, சத்ரியா, பெரோடுவா கஞ்சில், ஹோண்டா சிவிக் போன்ற கார்களை வாங்கி, ஜப்பானிலிருந்து வரும் ஹாஃப்-கட் இன்ஜினைப் பொருத்தி ஓட்டுவது நம் இளைஞர்களிடையே நெடுநாளாக உள்ள ஆர்வம். பல மாதச் சம்பளத்தைச் சேர்த்து உருவாக்கிய அத்தகைய இன்ஜின், ஒரே நொடியில் பாழாகக்கூடும். மூன்றாவது கியரிலிருந்து நான்காவதுக்குப் போக வேண்டிய கை, அவசரத்தில் இரண்டாவதுக்குள் விழுந்துவிட்டால் போதும். கிளட்சை விட்டதும் இன்ஜின் அலறும். கார் முன்பக்கமாகக் குலுங்கும்.

அதன் பிறகும் கார் ஓடினால், ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்து வீட்டுக்கு ஓட்டிச் செல்லத் தோன்றும். வால்வை மட்டும் மாற்றிச் சரிசெய்திருக்கக்கூடிய ஓர் இன்ஜின், பழைய இரும்பாக மாறுவது பெரும்பாலும் அந்தப் பயணத்தில்தான்.

லிமிட்டர் ஏன் காப்பாற்றாது?

இன்ஜின் வேகம் எல்லை தாண்டுவதில் இரண்டு வகை உண்டு. எண்ணெய்ப் பெடலை அழுத்தி வேகத்தைக் கூட்டும்போது, கணினியில் உள்ள லிமிட்டர் எரிபொருளையோ தீப்பொறியையோ நிறுத்தி இன்ஜினைக் கட்டுப்படுத்தும். கியர் தவறும்போது நிலைமை வேறு. அப்போது இன்ஜினைச் சுழற்றுவது பெட்ரோல் அல்ல. ஓடும் காரின் சக்கரங்கள்தான். எரிபொருளை நிறுத்தினாலும் அந்தச் சுழற்சி நிற்காது.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். மூன்றாவது கியரின் விகிதம் 1.3, இரண்டாவதன் விகிதம் 1.95 என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது கியரில் 6,500 ஆர்பிஎம்மில் செல்லும் கார் இரண்டாவதுக்கு மாறினால், இன்ஜின் 9,750 ஆர்பிஎம்முக்குத் தள்ளப்படும். மீட்டர் முள் அவ்வளவு வேகமாக நகராது என்பதால், ஓட்டுநர் கண்ணுக்குத் தெரிந்த அளவைவிட உண்மையான சுழற்சி கூடுதலாக இருக்கலாம்.

சுழற்சி கூடும்போது பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் இழுக்கும் விசை அதன் இருமடிக்கு ஏற்ப உயரும். 7,000 ஆர்பிஎம் 9,000 ஆனால், அந்த விசை சுமார் 65 விழுக்காடு கூடிவிடும்.

எது உடையும்?

முதலில் அடி வாங்குவது பெரும்பாலும் வால்வு. எல்லை தாண்டிய வேகத்தில் ஸ்பிரிங்கால் வால்வை உரிய நேரத்தில் மூட முடியாது. மேலே வரும் பிஸ்டன் அதை முட்டினால் வால்வுத் தண்டு வளையும். டைமிங் பெல்ட் ஒரு பல் தாவினாலும் இதே கதிதான். அடுத்து, கனெக்டிங் ராடின் போல்ட் நீளலாம், பேரிங் நசுங்கலாம். ஆயில் பம்பின் பல்சக்கரமும் கிளட்ச் தட்டும்கூட உடைவதுண்டு.

மாற்றியமைத்த காரில் ஆபத்து கூடுதல். உயரம் கூடிய கேம்ஷாஃப்ட் போட்டதாலும், சிலிண்டர் ஹெட்டைச் சீவியதாலும் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளி ஏற்கெனவே குறைந்திருக்கும். கணினியில் லிமிட்டரை மட்டும் உயர்த்திவிட்டு, ஸ்பிரிங்கையும் ராடு போல்ட்டையும் பழையதாகவே விட்டிருந்தால், கியர் தவறாமலேயே இன்ஜின் அடி வாங்கும்.

உடனடியாகச் செய்ய வேண்டியவை

பாதுகாப்பான இடத்தில் காரை நிறுத்தி இன்ஜினை அணைக்க வேண்டும். நின்றுபோன இன்ஜினை மீண்டும் ஸ்டார்ட் செய்து பார்ப்பதும், தள்ளி ஸ்டார்ட் செய்வதும் கூடாது. வளைந்த வால்வு முறிந்து உள்ளே விழுந்தால் பிஸ்டன், சிலிண்டர், ஹெட் எல்லாம் நாசமாகும். இழுவை லாரிக்குக் கொடுக்கும் பணம், அதோடு ஒப்பிட்டால் சிறியது.

பட்டறையில் சோதிக்கும் வரிசை

செலவு குறைந்த சோதனையிலிருந்து தொடங்குவதே முறை.

1. எண்ணெய்: இன்ஜின் எண்ணெயை ஒரு சுத்தமான தட்டில் வடித்து, வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஃபில்டரை வெட்டி, அதன் தாளை விரித்துப் பார்ப்பது இன்னும் நல்லது. செம்பு நிறமோ வெள்ளி நிறமோ கொண்ட மினுமினுப்பு பேரிங் தேய்ந்ததைக் காட்டும். காந்தத்தில் ஒட்டும் துகள் இரும்புப் பாகம் ஒன்று சேதமடைந்ததைக் காட்டும்.

2. கையால் சுழற்றுதல்: ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லி போல்ட்டை இன்ஜின் சுழலும் திசையிலேயே இரண்டு முழுச் சுற்று திருப்ப வேண்டும். எங்காவது தடுத்தால், பலம் கொடுத்துத் திருப்பக் கூடாது. கழற்றிய பிளக்கின் முனை நசுங்கியிருந்தால், உள்ளே உலோகத் துண்டு சுற்றியிருக்கிறது என்று பொருள்.

3. டைமிங்: மூடியைத் திறந்து, குறிகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். வால்வு இடைவெளியையும் அளக்கலாம். ஒரே ஒரு வால்வில் மட்டும் இடைவெளி மிக அதிகமாக இருந்தால், அது வளைந்து முழுதாக மூடாமல் நிற்கக்கூடும்.

4. கம்பிரஷன்: எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்து, எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, திராட்டலை முழுதாகத் திறந்து சோதிக்க வேண்டும். மாற்றியமைத்த கேம்ஷாஃப்ட் உள்ள இன்ஜினில் அளவு இயல்பாகவே குறைவாகக் காட்டலாம். ஆகவே நிறுவனக் கையேட்டு எண்ணைவிட, நான்கு சிலிண்டர்களுக்கு இடையிலான வேறுபாடே முக்கியம். 180, 178, 95, 176 பிஎஸ்ஐ என்று வந்தால் கோளாறு மூன்றாவது சிலிண்டரில். அதில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் சோதித்து, அளவு உயர்ந்தால் பிஸ்டன் ரிங். உயராவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட்.

5. காற்றுக் கசிவு: சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்து, சத்தம் எங்கே வருகிறது என்று கேட்பது. திராட்டல் பக்கம் சீறினால் இன்டேக் வால்வு. புகைக்குழாயில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. எண்ணெய் ஊற்றும் வாயில் வந்தால் ரிங். ரேடியேட்டரில் குமிழி எழுந்தால் ஹெட் கேஸ்கெட் அல்லது வெடிப்பு.

6. சிறு கேமரா: பிளக் துவாரம் வழியாகப் பார்க்கும்போது, பிஸ்டன் தலையில் பிறை வடிவத்தில் புதிய தழும்பு தெரிந்தால், வால்வு முட்டியது உறுதி.

கணினி உள்ள கார்களில் ஸ்கேனர் காட்டும் பி0301 முதல் பி0304 வரையிலான எண்கள், எந்தச் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்பதைச் சொல்லும். தனிப்பட்ட ஈசியு பொருத்தியிருந்தால், அதன் பதிவிலிருந்து உச்ச ஆர்பிஎம்மையும் எடுக்கலாம். அந்த எண்ணை போமெனிடம் மறைக்காமல் சொல்வது நல்லது. எவ்வளவு ஆழமாகச் சோதிக்க வேண்டும் என்பதை அதுதான் முடிவுசெய்யும்.

எல்லாம் சரியாக இருந்தால்?

இந்தச் சோதனைகளில் தேறினாலும், நீண்டுபோன ராடு போல்ட் எதிலும் சிக்காது. அது சில வாரங்கள் கழித்து நெடுஞ்சாலையில் அறுந்தால், ராடு பிளாக்கைத் துளைத்து வெளியே வரும். சூடான புகைக்குழாயில் எண்ணெய் கொட்டினால் தீப்பற்றும் அபாயமும் உண்டு. ஆகவே, சுழற்சி எல்லையை ஆயிரத்துக்கு மேல் தாண்டியிருந்தால், எண்ணெய்ச் சட்டியைக் கழற்றி பேரிங்கைப் பார்த்து, போல்ட்டுகளை அளப்பது அல்லது மாற்றுவது பாதுகாப்பு. இன்ஜின் அடியிலிருந்து வரும் கனமான தட்டல் சத்தம், ஒரு சிலிண்டரின் தீப்பொறியைத் துண்டித்ததும் குறைந்தால், அந்தச் சிலிண்டரின் பேரிங் போய்விட்டது என்று கொள்ளலாம்.

இன்ஜினை மாற்றுவதானால்

வால்வு மட்டும் வளைந்திருந்தால், ஹெட்டைக் கழற்றிச் சரிசெய்வது போதுமானதாக இருக்கும். பிளாக் உடைந்திருந்தால் பொட்டோங் கடையில் வேறு இன்ஜின் தேடுவதே வழி. அப்போது இன்ஜின் எண் மாறுவதால் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியும் புஸ்பகாம் சோதனையும் தேவை. இன்ஜின் வாங்கிய ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். பதிவில் இல்லாத இன்ஜினோடு விபத்தில் சிக்கினால் இழப்பீடு கோருவதில் சிக்கல் எழலாம்.

மாற்றியமைத்த காரைப் பிறரிடமிருந்து வாங்குவோரும், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கம்பிரஷன், காற்றுக் கசிவுச் சோதனைகளைக் கேட்டுச் செய்துகொள்ளலாம். விற்பவர் அதற்குத் தயங்கினால், வேறு காரைப் பார்ப்பதே நல்லது.