கொடைக்கானலில் இருந்து நர்மதைக்கு: ஒரு துருவின் பயணம்

கோதுமை என்றதும் பஞ்சாபும் மத்தியப் பிரதேசமும்தான் நினைவுக்கு வரும். கொடைக்கானலுக்கும் கோதுமைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? உண்டு. அதுவும் கொஞ்சம் வில்லங்கமான சம்பந்தம்!

கோதுமையையும் பார்லியையும் பிடிக்கும் மிகப் பழைய நோய்களில் ஒன்று துரு நோய். இலையிலும் தண்டிலும் இரும்புத் துரு மாதிரி பொடி படியும். உண்மையில் அது ஒரு பூஞ்சையின் வித்துத் தூள். மஞ்சள், பழுப்பு, கருப்பு என்று மூன்று வகைத் துரு உண்டு. தண்டைத் தாக்கும் கருந்துருதான் இவற்றில் பொல்லாதது. அறுவடைக்குச் சில வாரம் முன்பு வரை செழிப்பாக நின்ற பயிர், அறுக்கப் போகும்போது மணி சுருங்கிச் சருகாகிக் கிடக்கும். 1946-47ல் மத்திய இந்தியாவில் கருந்துருவால் அழிந்த கோதுமை சுமார் 20 லட்சம் டன் என்று கணக்கிட்டார்கள். மக்கள் ரேஷனுக்கு வரிசையில் நின்ற காலம் அது.

இந்த நோயில் ஒரு பெரிய புதிர் இருந்தது. வட இந்தியச் சமவெளியில் மார்ச், ஏப்ரலில் அறுவடை முடிந்துவிடும். அடுத்த விதைப்பு அக்டோபர், நவம்பரில். நடுவில் மே, ஜூன் வெயில். பூஞ்சை உயிரோடு இருக்கப் பயிரும் இல்லை, அந்த வெயிலில் அதன் வித்தும் பிழைக்காது. அப்படியானால் ஒவ்வொரு வருடமும் துரு எங்கிருந்து வருகிறது?

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பார்பெரி என்ற முள் புதரைக் குற்றவாளி என்றார்கள். கருந்துரு தன் வாழ்க்கையில் ஒரு பகுதியை அந்தப் புதரில் கழிக்கும். 1918ல் அமெரிக்கா அதை வேரோடு பிடுங்க ஒரு இயக்கமே தொடங்கியது. அதே இனத்துப் புதர்கள் இமயமலையிலும் உண்டு, நம் மலைகளிலும் உண்டு. ஊசிக்களா என்பது அதுதான். ஆனால் 1923 முதல் இதை ஆராய்ந்த ஆக்ரா கல்லூரிப் பேராசிரியர் கே.சி. மேத்தா, இந்தியாவில் அந்தப் புதர் நிரபராதி என்று கண்டார். அவர் விடை வேறு. கோடையிலும் கோதுமை நிற்கும் குளிர்ந்த மலைகளில் துரு தங்குகிறது, பிறகு காற்றில் இறங்கி வருகிறது. தெற்கில் அந்த இடங்கள் நீலகிரியும் பழனி மலையும். அங்கே வருடத்துக்கு இரண்டு போகம் கோதுமை விளைந்தது. துருவுக்கு இதைவிட நல்ல வீடு கிடைக்குமா?

மேத்தா சொன்ன வைத்தியம்தான் யோசிக்க வைக்கிறது. மலையில் கோடைப் போகத்தை இரண்டு மூன்று வருடம் நிறுத்துங்கள், தானாக முளைக்கும் கோதுமையைப் பிடுங்குங்கள், இல்லாவிட்டால் துரு தாங்கும் ரகத்தை விதையுங்கள் என்றார். ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் நர்மதைக் கரை விவசாயிக்காக, பழனி மலையின் சிறு விவசாயி தன் வயலைச் சும்மா போடவேண்டும்! பொருளாதாரத்தில் இதைப் புறவிளைவு என்பார்கள். ஒருவர் செய்வதன் நஷ்டம் இன்னொருவர் தலையில் விழுவது. ஆனால் மலைக்காரர் தெரிந்து செய்த தப்பு ஒன்றும் இதில் இல்லை. அவர் பூஞ்சையை வளர்க்கவில்லை, சாப்பாட்டுக்குக் கோதுமை வளர்த்தார். அதனால் மூன்றாவது வழிதான் நியாயமானது.

மேத்தா 1950ல் இறந்தார். வித்து எப்படி அவ்வளவு தூரம் போகிறது என்பது 1970களில்தான் தெளிவானது. வங்கக் கடலில் நவம்பர் வாக்கில் உருவாகும் புயல் கரையேறி மத்திய இந்தியாவில் போய் வலுவிழந்தால், தெற்கு மலைகளின் வித்தையும் கூடவே தூக்கிப் போய் மழையோடு கோதுமை வயலில் இறக்குகிறது. செயற்கைக்கோள் மேகப் படங்களையும் மழைநீர் மாதிரிகளையும் வைத்து எஸ். நாகராஜனும் எச். சிங்கும் 1975ல் இதற்கு விதிகளே வகுத்தார்கள். நமக்குப் புயல் என்றால் பள்ளிக்கூட லீவு. கோதுமைக்கு அது நோய் ஏற்றி வரும் லாரி!

எதிர்ப்பு ரகம் உண்டாக்கும் வேலை பெரும்பாலும் நீலகிரி வெலிங்டனில் நடந்தது. இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் அங்கே இருக்கிறது. துரு தானாகவே வந்து தாக்கும் ஊர் என்பதால், புதிய ரகத்தைச் சோதிக்க அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. கோதுமைக்குத் தூரத்துச் சொந்தமான ஒரு காட்டுப் புல்லிலிருந்து வந்த எஸ்ஆர்24, எல்ஆர்24 என்ற ஜோடி ஜீன்களை இந்திய ரகங்களில் ஏற்றினார்கள். எச்டபிள்யூ 2044 அப்படி வந்ததுதான்.

அமெரிக்க பார்லிக்கு அதிர்ஷ்டம் வேறு மாதிரி அடித்தது. 1935ல் வடக்கு டகோடாவில் சாம் லிக்கன் என்ற விவசாயி, துருவில் அழிந்த வயலில் பிழைத்து நின்ற ஒரே ஒரு செடியைப் பார்த்து அதன் விதையை எடுத்து வைத்தார். அதிலிருந்து கிண்ட்ரெட் என்ற ரகம் வந்தது. அந்த ஒற்றை ஜீன் பல பத்தாண்டுகள் பார்லியைக் காத்தது.

கோதுமைக்கு அந்த நிம்மதி கிடைக்கவில்லை. 1998ல் உகாண்டாவில் கண்டுபிடிக்கப்பட்ட யுஜி99 என்ற கருந்துரு, பல எதிர்ப்பு ஜீன்களைத் தோற்கடித்தது. 2006ல் கென்யாவில் அதன் புதிய வடிவம் எஸ்ஆர்24ஐயும் உடைத்தது.

இன்று பூம்பாறைக்கும் மன்னவனூருக்கும் போகிறவர்கள் படிக்கட்டு வயல்களில் பார்ப்பது பூண்டும் கேரட்டும் உருளைக்கிழங்கும்தான். கோதுமையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதை யாரும் சட்டம் போட்டு நிறுத்தவில்லை. பூண்டுக்கு விலை கிடைத்தது, அவ்வளவுதான்.