சோழனைச் சிறைவைத்த சிற்றரசன்

பல்லாவரம் மலையில் மகேந்திரவர்மப் பல்லவன் குடைந்த ஒரு குகைக்கோயில் இருக்கிறது. ஐந்து கருவறைகள், தூண்களில் அவனுடைய விருதுப்பெயர்கள். இன்று அது தர்கா. கீழே ஜிஎஸ்டி ரோட்டில் எந்நேரமும் வண்டிகள். அதே சாலையில் தாம்பரம், செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம் தாண்டினால் உளுந்தூர்பேட்டை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பாதி சென்னை அந்த வழியாகத்தான் ஊருக்குப் போகிறது. உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் சேந்தமங்கலம் என்ற ஊரை யாரும் கவனிப்பதில்லை. 1231 வாக்கில் ஒரு சோழச் சக்கரவர்த்தி சிறையிருந்த ஊர் அது.

சிறைவைத்தவன் கோப்பெருஞ்சிங்கன். கூடலூர், சேந்தமங்கலம் பகுதிகளை ஆண்ட காடவர் குடி. பல தலைமுறையாகச் சோழருக்குக் கீழ்ப்பட்டு, படை நடத்தி, வரி வசூலித்து, கோயிலுக்குத் தானம் கொடுத்து வந்த குடும்பம். மூன்றாம் ராஜராஜன் காலத்தில் சோழ அரசு தளர்ந்துபோனது. தெற்கே பாண்டியன் எழுந்துவிட்டான், மேற்கே ஹொய்சாளன் காத்திருந்தான். நடுவில் இருந்த காடவன், ‘இனி நாம் ஏன் இவருக்குக் கட்டுப்பட வேண்டும்?’ என்று கேட்டுக்கொண்டான். வந்தவாசிக்கு அருகே தெள்ளாற்றில் ராஜராஜனைத் தோற்கடித்துப் பிடித்துவந்து சேந்தமங்கலத்தில் அடைத்தான்.

தெள்ளாறு சும்மா ஒரு களம் இல்லை. நானூறு ஆண்டுகளுக்கு முன் பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன் பாண்டியனை வென்று பெயர்வாங்கிய இடம். காடவர்களோ தங்களைப் பல்லவ வம்சம் என்று சொல்லிக்கொண்டவர்கள். பல்லவருக்கே ‘காடவர்கோன்’ என்ற பெயர் உண்டு. பல்லவர்களை வீழ்த்தியவர்கள் சோழர்கள். அப்படியானால் இந்த வெற்றி பழைய கணக்கைத் தீர்த்ததாகவும் ஆகிவிடுகிறது.

அடுத்து நடந்ததைச் சொல்வது கடலூர் பக்கம் திருவந்திபுரம் கோயிலில் இருக்கும் கல்வெட்டு. ஹொய்சாள மன்னன் இரண்டாம் வீரநரசிம்மன் துவாரசமுத்திரத்திலிருந்து கிளம்புகிறான். சோழ ராஜ்ஜியத்தை நிலைநிறுத்தியவன் என்று பட்டம் வைத்திருப்பவன், சோழனை மீட்காவிட்டால் அந்தப் பட்டத்துக்கு என்ன அர்த்தம்? அப்பண்ணன், சமுத்திர கோப்பய்யன் என்ற இரு தளபதிகளை முன்னே அனுப்புகிறான். அவர்கள் காடவ நாட்டு ஊர்களை ஒவ்வொன்றாக அழிக்கிறார்கள். நடுவே சிதம்பரத்தில் நின்று நடராஜரைக் கும்பிடுகிறார்கள். பிறகு மறுபடி எரிப்பு. படை சேந்தமங்கலத்தை நெருங்கும்போது கோப்பெருஞ்சிங்கன் இறங்கிவந்து சோழனை விடுவிக்கிறான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். காடவனின் படை நாட்டையும் கோயில்களையும் நாசமாக்கியது என்பது அந்தக் கல்வெட்டின் குற்றச்சாட்டு. அதை வெட்டிவைத்தது அவனை எதிர்த்து வந்த தரப்பு. காடவன் தரப்பில் வயலூர்க் கல்வெட்டு இருக்கிறது. அதில் அவன் சோழனை வென்ற வீரன், அவ்வளவுதான். இரண்டு கல்லையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் கதை முழுமையாகிறது. இரண்டிலும் இல்லாதவர்கள் எரிந்த ஊர்களில் இருந்த ஜனங்கள்.

இதே நூற்றாண்டில் இங்கிலாந்திலும் ஒரு பிரபு தன் ராஜாவைப் பிடித்தான். சைமன் டி மான்ட்ஃபோர்ட், 1264, லூயிஸ் போர், கைதியானவர் மூன்றாம் ஹென்றி. அடுத்த ஆண்டே ஈவ்ஷம் போரில் சைமனைக் கொன்று உடலைத் துண்டாடினார்கள். அவருடைய குடும்பம் இங்கிலாந்தில் எல்லாவற்றையும் இழந்தது. ஆனால் 1265-ல் அவர் கூட்டிய பாராளுமன்றத்துக்காக இன்றும் பேசப்படுகிறார்.

காடவர் கதை வேறு மாதிரி போனது. 1243-ல் இன்னொரு கோப்பெருஞ்சிங்கன் தன் சொந்த ஆட்சியாண்டை எண்ணத் தொடங்குகிறான். முதலில் வந்த ஆய்வாளர்கள் இருவரையும் ஒரே ஆளாக எண்ணினார்கள். பிறகு தந்தை, மகன் என்று பிரித்துப் படிப்பது வழக்கமானது. மகன் ‘சகலபுவனச் சக்கரவர்த்தி’ என்று போட்டுக்கொண்டான். பரதக்கலை அறிந்தவன் என்பதும் அவன் விருதுகளில் ஒன்று. போரில் கிடைத்த செல்வத்தைக் கொண்டு சிதம்பரத்தில் கோபுரம் எழுப்பினான். கோதாவரிக் கரையின் திராட்சாராமம் வரை அவன் கல்வெட்டு இருக்கிறது. 1251-ல் பட்டமேறிய சடையவர்மன் சுந்தரபாண்டியன் சேந்தமங்கலத்தை முற்றுகையிட்டு யானைகளையும் கருவூலத்தையும் எடுத்துக்கொண்டு, நாட்டை மட்டும் திருப்பிக்கொடுத்தான். சக்கரவர்த்தி மறுபடி கீழ்ப்பட்டவன் ஆனான்.

அவனுடைய கடைசிக் கல்வெட்டு 36-ஆம் ஆட்சியாண்டு, அதாவது 1279 வாக்கில். சோழர்களின் கடைசி மன்னன் மூன்றாம் ராஜேந்திரனின் பெயரும் அதே 1279-ஓடு நின்றுவிடுகிறது. பிடித்தவன் வம்சமும் பிடிபட்டவன் வம்சமும் ஏறக்குறைய ஒன்றாகவே கல்லிலிருந்து மறைகின்றன. மிஞ்சியது பாண்டியன், அதுவும் கொஞ்ச காலம்தான்.

நம் ஊர்ப்பக்கம் திருவிழா பேனர்களில் ‘ஆண்ட பரம்பரை’ என்று பார்க்கும்போதெல்லாம் எனக்குக் காடவர் ஞாபகம் வருகிறது. அவர்களும் அதைத்தான் சொன்னார்கள். முன்னூறு வருஷத்துக்கு முன் விழுந்த ஒரு வம்சத்தைக் காட்டி இன்றைய அதிகாரத்தைக் கேட்டார்கள். அந்த உரிமைக்கோரிக்கைக்கு ஊர் ஊராக விலை கொடுத்தவர்களின் வாரிசு என்று மட்டும் யாரும் பேனர் வைப்பதில்லை. நம்மில் பெரும்பாலோர் அவர்களின் வாரிசாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.