அடைக்கலமும் விசாவும்

ரமளான் நெருங்குகையில் திண்டுக்கல் வட்டாரத்து இளம் ஹாபிழ்களுக்கும் கடல்கடந்த அழைப்புகள் வருவதுண்டு. “இப்போதைக்குச் சுற்றுலா விசாவில் வந்து தராவீஹ் தொழ வையுங்கள், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்னும் பேச்சும் சில வேளைகளில் உடன் வரும். இதனை ஏற்கலாமா? வரலாறு விடை தருகிறது.

தாயிஃபில் கல்லடிபட்டுத் திரும்பிய நபி (ஸல்) அவர்கள், தம் சொந்த ஊரான மக்காவிற்குள்ளும் உடனே நுழையவில்லை. முத்இம் இப்னு அதீயிடம் அடைக்கலம் கேட்டுப் பெற்ற பின்னரே நுழைந்தார்கள். முத்இமோ இஸ்லாத்தை ஏற்றவர் அல்லர். இத்தகைய பாதுகாப்பைப் பிற்காலச் சட்ட அறிஞர்கள் ‘அமான்’ என்னும் தலைப்பில் விரித்துரைத்தனர். அமான் பெற்று ஒரு நாட்டினுள் செல்பவர், அந்நாட்டாருக்கு வஞ்சகம் செய்தல் ஆகாது. இன்றைய விசாவும் அத்தகைய அமானே.

நம் முன்னோர் கடல் கடந்த காலம் வேறு. பினாங்கில் 1801இல் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலையும், சிங்கப்பூரில் 1826இல் சூலியா ஜாமிஆ பள்ளிவாசலையும் தென்னிந்திய முஸ்லிம்கள் நிறுவினர். தமிழகத்து ஆலிம்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறி அக்கரையில் இமாமத் செய்தனர். இரு கரைகளும் ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தமையால் கெடுபிடி குறைவு. பின்னர் இலங்கை 1948இல் குடிவரவுச் சட்டம் இயற்றியது. மலாயாவும் சிங்கப்பூரும் 1953 ஆகஸ்டு முதல் வருகையைக் கட்டுப்படுத்தின.

இன்று சிங்கப்பூரில் வெளிநாட்டவர் சமயச் சொற்பொழிவு ஆற்றுவதற்கும் பணி அனுமதி வேண்டும். மலேசியாவில் மார்க்கம் போதிக்க, மாநிலச் சமய அதிகார அமைப்பு வழங்கும் ‘தவுலியா’ தேவை. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பின் இலங்கை 600க்கும் மேற்பட்ட வெளிநாட்டினரை வெளியேற்றியது. அவர்களுள் ஏறத்தாழ 200 பேர் இஸ்லாமிய மார்க்கப் போதகர்கள். முறைப்படி நுழைந்தவர்களாயினும், விசாக் காலம் கடந்து தங்கியிருந்தனர் என்பதே அரசு கூறிய காரணம். அதன்பின் மார்க்கப் போதகர்களுக்கான விசா விதிகளும் இறுகின. சிலரின் கவனக்குறைவு, பின்வரும் ஆலிம்களுக்கும் வாயிலை அடைத்துவிடுகிறது.

ஆகவே, அழைக்கும் பள்ளிவாசல் நிர்வாகம் உரிய அனுமதியை முன்னரே பெற்றுத் தருவது கடமை. அனுமதி யார் பெயரில், எப்பணிக்கு, எத்தனை நாளுக்கு என்று படித்தறிந்த பின்னரே புறப்படுவது ஆலிமின் கடமை. உடன்படிக்கைகளை நிறைவேற்றுமாறு பணிக்கும் கட்டளையுடன்தான் அல்மாயிதா அத்தியாயமே தொடங்குகிறது. அவ்வசனத்தை ஓதித் தொழவைக்கும் இமாம், அதை மீறியவராக மிஹ்ராபில் நிற்கலாகாது.

வல்ல அல்லாஹ் நம் ஆலிம்களின் பயணங்களைத் தூய்மையாக்கி வைப்பானாக! ஆமீன்.